ஆறாவது பாலை

எனக்குப் பாலை வந்து சேர்ந்ததற்கு ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் பரீட்சைதான் காரணம். மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால் ஒரு பழைய வீட்டைக் கூடமாக மாற்றிக் கண்காட்சிகள் நடத்தும் அம்மா ஒருவர் இருக்கிறார். துணியில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் ஒரு கண்காட்சி போடப்போவதாக எங்கள் வாட்ஸப் குழுவில் ஒரு நாள் காலையில் அறிவித்தார். ஐந்திணையில் ஆளுக்கு ஒரு நிலம், நிலத்துக்கு ஒரு சுவர், சுவருக்கு ஆறு குயில்ட். யார் முதலில் கேட்கிறார்களோ அவர்களுக்கு. நான் போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு, பிள்ளைகள் பிட் அடிக்காமல் மூன்று மணி நேரம் காவல் நின்றுகொண்டிருந்தேன். வெளியே வந்து பார்த்தால் கோவளத்துக்காரர்கள் மூன்று பேர் நெய்தலுக்குச் சண்டை போட்டு, ஒருவர் ஜெயித்திருந்தார். குறிஞ்சியும் முல்லையும் மருதமும் போய்விட்டிருந்தன. பாலையை யாரும் சீண்டவில்லை.

சரி, பாலையே இருக்கட்டும் என்று எழுதினேன். எது மிஞ்சியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். செங்கல்பட்டில் ஒரு பள்ளியில் இருபத்தோரு வருடமாக நான் டிராயிங் மிஸ். பரீட்சை நெருங்கினால் முதலில் பறிபோவது என் பீரியட். ஆண்டு விழாவுக்குத் தெர்மாகோல் வெட்ட நான் வேண்டும், தலைவர்கள் பிறந்தநாளுக்குக் கரும்பலகையில் படம் போட நான் வேண்டும். மற்றபடி அங்கே நான் ஒரு ஆளே இல்லை. நான் செய்த எதையும் யாரும் சுவரில் மாட்டிப் பக்கத்தில் என் பெயரை எழுதி வைத்ததில்லை. நாற்பத்தெட்டு வயதில் ஒரு முழுச் சுவர் கிடைக்கப்போகிறது என்றால் எனக்குள் என்ன நடந்திருக்கும்? அதை ஆசை என்று சொன்னால் பொய். வெறி.

அந்த அம்மா இரண்டு நிபந்தனைகள் வைத்திருந்தார். ஒரு சுவர் ஒரே ஆளின் கையாக இருக்க வேண்டும். ஆறும் சேர்ந்து ஒன்றாக நிற்க வேண்டும். தனித்தனியே அழகாக இருந்து பிரயோஜனமில்லை. ஒன்று குறைந்தாலும் சுவர் வேறு ஆளுக்குப் போய்விடும். நெய்தலில் தோற்ற இரண்டு பேரும் கையில் ஆறாறு துண்டுகளோடு காத்துக்கொண்டிருந்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

குயில்ட் என்பது ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. மேலே ஒட்டுத் துணிகளால் தைத்த படம், நடுவில் பஞ்சு, அடியில் ஒரு துணி, மூன்றையும் பிடித்து வைக்க நெடுக ஓடும் தையல். கல்பாக்கத்தில் டெக்னீஷியனாக இருக்கும் என் கணவர் இதைப் போர்வை என்றுதான் சொல்வார். இந்த வெயிலில் உட்கார்ந்து போர்வை தைக்கிற ஒரே பொம்பளை நீதான் என்று சொல்லிக்கொண்டே பஜாரிலிருந்து எனக்குக் காடாத்துணி வாங்கி வந்து போடுவார்.

பாலைவனத்தை நான் பார்த்ததில்லை. போனில் படம் படமாகப் பார்த்தேன். மணல் மேடு, மேட்டின் நிழல், அடுத்த மேடு. டீ டிகாஷனிலும் கடுக்காய்த் தண்ணீரிலும் செம்மண்ணிலும் துருப்பிடித்த ஆணி ஊறிய தண்ணீரிலும் காடாத்துணியை முக்கி நான்கு மணல் நிறங்களை எடுத்தேன். இரவுப் படத்துக்கு மட்டும் கடையில் வாங்கிய நீலச் சாயப் பொடி. ஆறையும் ஒன்றாகக் கட்ட ஒரு யோசனை செய்தேன். மணல் மேட்டின் உச்சிக் கோடு முதல் குயில்ட்டில் இடது ஓரத்தில் தொடங்கி, ஏறி இறங்கி, அடுத்ததில் அதே உயரத்தில் நுழைந்து, ஆறாவதின் வலது ஓரத்தில் முடியும். வரிசையாக மாட்டினால் ஒரே கோடு. இந்த யோசனை வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

யோசனை என்னுடையது. தையல் என்னுடையது இல்லை. என் வீட்டு மிஷினில் மூன்று அடுக்குத் துணி போகாது, ஊசி முறியும். எனக்கு நேராகத் தைக்கவும் வராது. தைத்தவள் என் நாத்தனார், என் கணவரின் தங்கை. நாற்பது வயதாகியும் வீட்டில் அவள் பாப்பாதான். கல்யாணமாகி ஒரே வருடத்தில் திரும்பி வந்தவள். ஜோர்டானில் ஒரு கார்மெண்ட் கம்பெனியில் நான்கு வருடம் தைத்தாள். இப்போது சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் தையல் லைனில் உட்காருகிறாள். அங்கேயே ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். அவளுடைய பவர் மிஷின் எங்கள் முன்னறையில் கிடந்தது. ஐந்து மாதம், ஞாயிறுதோறும் காலை ரயிலில் வந்து, மாலை வரை நான் பின் குத்திக் கொடுத்ததைத் தைத்துவிட்டுப் போனாள். அவளுக்குக் கிடைத்தது வாரத்தில் அந்த ஒரு நாள்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

முதல் குயில்ட்டைத் தைத்த அன்று அவள் மிஷினை நிறுத்திவிட்டு என் மணல் மேடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நாங்கள் இருந்த இடத்தில் இப்படி இல்லை, வெறும் கல்லும் கம்பி வேலியும்தான், காற்றடித்தால் வேலி பூராவும் பிளாஸ்டிக் கவர் வந்து ஒட்டிக்கொள்ளும் என்றாள். நான் சிரித்தேன். பிளாஸ்டிக் கவரைச் சுவரில் மாட்ட முடியாது, இது கலை என்றேன். அதற்கப்புறம் அவள் பாலைவனத்தைப் பற்றி என்னிடம் வாயைத் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. நான்கு வருடம் பாலைவனத்தில் இருந்துவிட்டு வந்தவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நான் போனில் பாலைவனம் தேடிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை சுவரில் மாட்ட வேண்டும், சனிக்கிழமை திறப்பு. அந்த வாரத் திங்கட்கிழமை அவள் லீவு போட்டு வந்து கடைசி ஓரங்களை முடித்துக்கொண்டிருந்தாள். நான் பள்ளியிலிருந்து நாலரை மணிக்கு வீட்டுக்கு வந்தேன். கட்டிலில் ஆறும் மடித்து அடுக்கியிருந்தது. ஆறிலும், வலது மூலையில், கட்டைவிரல் அகலத்துக்கு மஞ்சள்.

புதுத்துணி என்றால் எங்கள் வீடுகளில் மூலையில் மஞ்சள் தடவாமல் யாரும் உடுத்த மாட்டார்கள். பள்ளிச் சீருடைக்குக்கூட வைப்போம். என் மகனுடைய கல்லூரிக் கோட்டில் அவள்தான் வைத்தாள்; அவன் திட்டிக்கொண்டே போட்டுக்கொண்டு போனான். ஆறு குயில்ட்டும் வீட்டை விட்டு வெளியே போகிற புதுத்துணி. ஒரு கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்து, நல்லபடியாகப் போய் வரட்டும் என்று ஒவ்வொன்றுக்கும் வைத்துவிட்டு, அவள் டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

என்ன இது என்று கேட்டேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. மஞ்சள்தானே, எப்போதும் வைக்கிறதுதானே என்றாள். அவள் முகத்தில் குழப்பம்தான் இருந்தது, பயம் இல்லை. அதுதான் என்னைக் கிளப்பிவிட்டது. எனக்கு வாய் நீளம். கோபம் வந்தால் எங்கே குத்தினால் வலிக்கும் என்று என் வாய்க்குத் தெரியும்.

"நீ தையல்காரி. தைக்கிறதோட நிறுத்திக்கணும்" என்றேன்.

சொல்லிவிட்டு, மேலே இருந்ததை எடுத்துக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்கு ஓடினேன். அது ஆறாவது, இரவுப் படம். துணி சோப்பை எடுத்தேன். பின்னாலேயே அவள் வந்தாள். "அண்ணி, சோப்பு போடாத" என்று என் கையைப் பிடித்தாள். மஞ்சளில் சோப்புப் பட்டால் சிவக்கும் என்று எந்தப் பெண்ணுக்குத்தான் தெரியாது? எனக்கும் தெரியும். ஆனால் அவள் சொன்னாள் என்பதற்காகவே அவள் கையை உதறிவிட்டுத் தேய்த்தேன்.

மூலை ரத்தச் சிவப்பாயிற்று. அதோடு நிற்கவில்லை. நீலச் சாயம் கரைந்து மணலுக்குள் இறங்கியது. நான் தண்ணீரை ஊற்ற ஊற்ற அது ஓடியது. அரை நிமிடத்தில் என் ஐந்து மாதத்தில் ஒரு மாதம் சாக்கடைப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தபோது அவள் அங்கே இல்லை. முன்னறையில் டீ டம்ளர் பாதியோடு இருந்தது.

அவள் வைத்த மஞ்சள் கட்டைவிரல் அகலம். அழித்தது நான். அன்று ராத்திரி கணவரிடம் சொல்லும்போது நான் இதை இப்படிச் சொல்லவில்லை. உங்கள் தங்கை பண்ணின வேலையைப் பாருங்கள் என்றுதான் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு மிஷினில் உட்கார்ந்தேன். மதியத்துக்குள் நான்கு ஊசிகளை முறித்தேன். கோடு கோணலாகப் போயிற்று, பிரித்தேன், துணி கிழிந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கண்காட்சி அம்மா, எல்லாம் தயார்தானே என்று கேட்டு ஒரு செய்தி அனுப்பியிருந்தார். தயார் என்று பதில் போட்டேன். அதை அனுப்பிவிட்டுக் கட்டிலில் குப்புற விழுந்து அழுதேன். அவளுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். ஏழு தடவை.

சாயங்காலம் ரயில் ஏறி சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் போனேன். கம்பெனி பஸ் பெண்களை இறக்கிவிடும் இடம் எனக்குத் தெரியும். ஜிஎஸ்டி ரோட்டு ஓரம் லாரிப் புழுதியில் நின்றேன். இரண்டாவது பஸ்ஸில் இறங்கினாள். என்னைப் பார்த்து நின்றாள். கூட இறங்கிய பெண்கள் ஒதுங்கிப் போனார்கள்.

"இன்னா அண்ணி, தையல்காரி வேணுமா?"

குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள். நான் ரோட்டிலேயே அழுதுவிட்டேன். அவள் என் தோளில் கை வைத்தாள். நான் சொன்ன சொல்லுக்காக அழுகிறேன் என்று நினைத்திருப்பாள். இத்தனை நாள் கழித்து உண்மையைச் சொல்கிறேன். சுவர் போய்விடும் என்றுதான் அழுதேன். அந்தச் சொல்லுக்கு நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. அழுததையே அவள் மன்னிப்பாக எடுத்துக்கொண்டாள், நானும் விட்டுவிட்டேன்.

பக்கத்துக் கடையில் டீ வாங்கிக் கொடுத்தாள். புதனும் வியாழனும் லீவு சொல்கிறேன், லைனில் என் இடத்தில் வேறு ஆளை உட்கார வைப்பார்கள், வைக்கட்டும் என்றாள். பிறகு டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அந்தக் கெட்டுப்போனத நானே பண்றேன். இன்னா பண்றன்னு நீ கேக்காத. பாக்காத."

சரி என்றேன். என்ன கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

புதன்கிழமை ஐந்து குயில்ட்டின் ஓரங்களையும் பிரித்தாள். மஞ்சள் பட்ட அகலத்துக்கு, சுற்றிலும் ஒரு பட்டை வைத்தாள். துரு ஊறிய தண்ணீரில் நான் முக்கிவைத்து, அழுக்காக இருக்கிறது என்று ஒதுக்கிய சாம்பல் துணியில் அந்தப் பட்டை. மூலைகள் கத்தி போல நறுக்கென்று சேர்ந்தன. வரிசையாகத் தரையில் பரப்பினால் ஐந்தும் ஒரு வயிற்றில் பிறந்தவை போல இருந்தன. நான் ஐந்து மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு தேடியது அதுதான். அவளிடம் அதைச் சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

வியாழக்கிழமை முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் பள்ளிக்குப் போனேன். அன்று நான் என்ன பாடம் எடுத்தேன் என்று கேட்டால் தெரியாது. திரும்பி வந்தபோது கதவு திறந்திருந்தது. ஆறாவது குயில்ட் ஐந்தாவதின் பக்கத்தில், தரையில் கிடந்தது.

சுற்றிலும் அதே சாம்பல் பட்டை. உள்ளே மேடு இல்லை. தரை தட்டையாக, சாம்பலும் பழுப்புமாக, பொடிப் பொடிக் கற்களோடு அடிவரை இருந்தது. வானமும் கிட்டத்தட்ட அதே நிறம். ஐந்தாவதில் என் மணல் மேட்டின் கோடு எந்த உயரத்தில் முடிந்ததோ, அதே உயரத்தில் ஒரு கோடு தொடங்கி வலது ஓரம் வரை போயிற்று. அது துணி காயப்போடுகிற கொடி. கொடியில் துணிகள் தொங்கின. விரல் நீளத்துக்கு நைட்டிகள், சுடிதார் டாப்புகள், ஒரு பாவாடை, ஒரு கம்பெனிச் சட்டை. ஒவ்வொன்றும் வெவ்வேறு நிறத் துணுக்கு, எல்லாம் ஒரே பக்கம் காற்றில் சாய்ந்திருந்தன. நடுவில் ஒரு இடம் மட்டும் காலி. தூரத்தில் ஒரு கம்பி வேலி. ஒரு மனிதர்கூட இல்லை.

இதை நான் செய்ததாக யார் நம்புவார்கள் என்பதுதான் முதலில் தோன்றியது. என் ஐந்தும் இதன் பக்கத்தில் காலண்டர் படம் போல இருக்கின்றன என்று அதற்கு அடுத்து தோன்றியது. அவள் சுவரோரம் உட்கார்ந்து கால் நீட்டி முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். நல்லா இருக்கா என்று கேட்டாள். கோடு சேருது, பரவாயில்லை என்றேன். பரவாயில்லை என்றா சொன்னேன்? ஆமாம், அதைத்தான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை என் கணவர் ஒரு வண்டி பிடித்துக் கொடுத்தார். அன்றைக்கும் லீவு போட்டுவிட்டு வந்த அவளும் நானும் போனோம். கூடத்தில் ஏணியில் ஏறி மாட்டியது அவள். நான் கீழே நின்று ஒரு விரக்கடை மேலே, கீழே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கண்காட்சி அம்மா வந்து கைகட்டி நின்று, இடமிருந்து வலமாக மெதுவாகப் பார்த்துக்கொண்டே போனார். ஓரத்துப் பட்டை எல்லாவற்றையும் ஒரு குடும்பமாக்கிவிட்டது என்று மெச்சினார். ஆறாவதின் முன்னால் நின்றார். வெகுநேரம் நின்றார்.

"இது யார் கை? மற்ற ஐந்தும் ஒருத்தர், இது வேற ஒருத்தர் மாதிரி இருக்கே."

ஏணியின் மேல் அவள் இருந்தாள். கடைசிக் கொக்கியை முடுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. ஒரு சுவர் ஒரே கை. வேறு ஆள் என்று சொன்னால் ஆறும் கீழே இறங்கும். அப்படி இறங்காமலும் போயிருக்கலாம். அந்த அம்மா நல்ல மனுஷி, கேட்டிருந்தால் வழி பார்த்திருப்பார். எனக்கு அதைச் சோதித்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"என் கைதான் மேடம். கடைசியில கொஞ்சம் மாறிட்டேன்" என்றேன்.

அந்த அம்மா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இவ்வளவு நாள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார். இருபத்தோரு வருடம் நான் காத்திருந்த கேள்வி அது. மேலே கொக்கி முடுக்குகிற சத்தம் மறுபடி கேட்டது. ஏணியிலிருந்து இறங்கி வந்து அவள் சுவர் அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தாள். "உம் பேர அழகா போட்டுக்கீறாங்க அண்ணி" என்றாள். குத்திக் காட்டினாளா, சந்தோஷப்பட்டாளா என்று அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள என்னால் முடியவில்லை. நான் முகத்தைப் பார்க்கவே இல்லை.

சனிக்கிழமை திறப்புக்கும் வந்தாள். வராமல் இருந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்தேன். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். ஒரு ஓரத்து நாற்காலியில் கையைக் கோர்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். கூட்டம் வந்தது. என் சக ஆசிரியைகள் வந்தார்கள், கணக்கு மிஸ் உட்பட. எல்லோரும் ஆறாவதின் முன்னால்தான் நின்றார்கள். முதல் ஐந்தையும் நடந்துகொண்டே பார்த்தார்கள்.

கல்பாக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு, கொடியில் இருந்த துணிகளை விரலால் எண்ணினாள். பத்து இருக்கிறது, நடுவில் ஒரு துணி அளவுக்கு இடம் விட்டிருக்கிறீர்களே, அது ஏன் என்று கேட்டாள். இதெல்லாம் யார் துணி என்றும் கேட்டாள்.

எனக்குத் தெரியாது. இரண்டு நாளாக அதை என்னுடையது என்று சொல்லிக்கொண்டிருந்தேன், அவை யாருடைய துணிகள் என்று தைத்தவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அவளுடையது என்று ஆகிவிடும். என் கண் தன்னால் அந்த நாற்காலிப் பக்கம் போயிற்று. அவள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேள்வி அவள் காதில் விழுந்திருந்தது. கூட நின்ற யாரோ, நீங்களும் கூட வேலை செஞ்சீங்களா என்று அவளைக் கேட்டார்கள். அவள் எழுந்து நின்று, எனக்கு ஒன்றும் தெரியாது, அண்ணியைத்தான் கேட்க வேண்டும் என்றாள். சொல்லிவிட்டு எல்லோரோடும் சேர்ந்து என் முகத்தைப் பார்த்தாள், நான் என்ன சொல்லப்போகிறேன் என்று.

நான் பேசினேன். பேச எனக்குத் தெரியும். பாலைக்கு உரியது பிரிவு என்றேன். ஊரை விட்டுப் போனவர்களின் உடைகள் இவை, ஆள் இல்லாமல் துணி மட்டும் காற்றில் இருக்கிறது என்றேன். காலி இடத்தைப் பற்றி, பார்க்கிறவர்கள் தங்களை அங்கே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், படத்துக்கும் ஒரு மூச்சு வேண்டுமே என்றேன். அந்தப் பெண் தலையாட்டிக்கொண்டே போனில் குறித்துக்கொண்டாள். என் நாத்தனார் வாய் லேசாகத் திறந்து, வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை போலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஐந்து மணிக்கு மாமல்லபுரத்தில் செங்கல்பட்டு பஸ் ஏறினோம். ஜன்னலோரம் அவள். திருக்கழுக்குன்றம் கோயில் மலையைத் தாண்டி வண்டி நிற்கையில் நான்தான் கேட்டேன், அது யார் துணி என்று. கேட்காமல் இருக்க முடியவில்லை.

அறையில் பதினோரு பேர் என்றாள். ஒரே கொடி. ஆளுக்கு இவ்வளவு நீளம் என்று முழம் போட்டு அளந்து பிரித்துக்கொண்டார்களாம். அடுத்தவர் இடத்தில் யாரும் துணி போடக் கூடாது, அதுதான் அந்த அறையில் இருந்த ஒரே சட்டம். மஞ்சள் நைட்டி அவளுடையது. கம்பெனிச் சட்டை ஒரு ஒடிசாப் பெண்ணுடையது. வரிசையாகப் பத்துப் பேரையும் சொன்னாள், விரலை மடக்கி மடக்கி. பிறகு நிறுத்தினாள்.

"நடுவுல கருங்குழிப் பொண்ணு அண்ணி. நம்ம பக்கந்தான். காச்சல்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போனாங்க, உசுரோட வரல. அவ துணி நாலு நாளு கொடியிலயே கெடந்துது, யாருக்கும் எடுக்க மனசு வரல. அப்புறம் பொட்டியில போட்டு அவளோடவே அனுப்சிட்டோம். நான் கெளம்பற வரைக்கும் அந்த எடத்துல யாரும் ஒண்ணும் காயப்போடல."

பஸ் கிளம்பியது. நான் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டே, சமாதானம் சொல்கிற மாதிரி, "நீ சொன்னதுதான் அண்ணி நல்லா இருந்துது. அப்டியே இருக்கட்டும்" என்றாள்.

என் மேல் எனக்கு அப்படி ஒரு அருவருப்பு அதற்கு முன்னால் வந்ததில்லை. அவள் கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அது எனக்குப் பழக்கம். அவள் என்னைக் காப்பாற்றினாள். செங்கல்பட்டில் இறங்கியதும், ரயிலுக்கு நேரமாகிவிட்டது, திங்கட்கிழமை லைனில் இடம் இருக்கிறதோ இல்லையோ, போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு ஸ்டேஷன் படியேறிப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கண்காட்சி அம்மாவுக்குப் போன் செய்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். ஆறாவது என்னுடையது இல்லை, ஓரத்துப் பட்டையும் என்னுடையது இல்லை, அட்டையை மாற்றுங்கள், கழற்றினாலும் சரி. மூன்றாவது மணியில் எடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள், நானே உங்களைக் கூப்பிட இருந்தேன் என்றார். அந்தக் காலி இடத்தைப் பற்றி நீங்கள் சொன்னதையே எல்லோரும் பேசுகிறார்கள், கண்காட்சி முடிந்ததும் ஆறையும் வேறு ஊருக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்கிறார்கள், உங்கள் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள் என்றார்.

தாள் என் கையில் இருந்தது. ரொம்ப நன்றி மேடம் என்றேன். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். இல்லை, சும்மாதான் போன் செய்தேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.